ஒன்பதாவது இடம்

ஐந்து வருடம் ஒரே இடத்துக்கு விடுமுறைப் பயணம் போய், எதைப் பார்க்கப் போனோமோ அதை மட்டும் பார்க்காமல் ஐந்து தரமும் திரும்பி வந்த குடும்பம் ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான். என் வயதுக்காரர்கள் நீங்கள், இப்படியொரு கூத்து உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். ஆனால் இந்த அளவுக்கு நடந்திருக்காது. அறுபது வருடமாகப் போகிறது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்பா மட்டக்களப்பு நகரத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் படம் வரைகிறவர். வாய்க்கால், மதகு, அணைக்கட்டு என்று நாள் முழுக்கக் கோடு போடுகிற வேலை. அரசாங்க உத்தியோகத்தருக்குக் கோச்சியில், அதாவது ரயிலில், குடும்பத்தோடு காசில்லாமல் போய்வர வருடத்துக்குச் சில வாறண்டு கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் அதைக் கொண்டு கொழும்புக்கும் கண்டிக்கும் போனார்கள். எங்களுக்குப் பொலன்னறுவை. பழைய அரசர்கள் கட்டி, காடு மூடி, பிறகு வெட்டித் துப்புரவாக்கி வைத்திருக்கிற அந்தக் கற்களை அப்பா எங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவர் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். குடி என்கிற வம்சமும் தாய்வழிதான், பிள்ளைகள் தாயின் குடி. ஆக, நான், தம்பி, அம்மா, அம்மாவின் அக்காவான பெரியம்மா, அம்மாவின் தாய்மாமன் எல்லாரும் ஒரே குடி. அந்த வளவுக்குள் அப்பா ஒருவர்தான் வேறு குடி. தாய்மாமன் ஊர்க் கோயிலின் வண்ணக்கர். கோயில் காரியம் அத்தனைக்கும் பொறுப்பு அவர்தான். வீட்டிலும் நாங்கள் அவரை வண்ணக்கர் என்றே சொல்லுவோம். திருவிழாவில் எந்தக் குடிக்கு முதல் பங்கு என்பதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கோழியை அறுப்பது என்பது வரைக்கும் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. தன் மனைவியின் வீட்டில் அவருக்கும் வாய் திறக்க இடமில்லை என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே அடக்கி வைத்ததையெல்லாம் எங்கள் வளவில் வந்து கொட்டியிருக்கிறார்.

முதல் வருடம் எனக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அப்பா ஒரு படம் வரைந்தார். கந்தோரில் பாவிக்கிற மெழுகுத் துணியில், கறுப்பு மையில், பார்க்க வேண்டிய இடங்களை ஒன்று இரண்டு என்று இலக்கம் போட்டு. ஒன்று அரண்மனை. இரண்டு அரசன் குளித்த தடாகம். மூன்று வட்டமான கோயில். நாலு சிவன் கோயில். இப்படியே போய் ஒன்பதாவது, கற்பாறையில் வெட்டிய புத்தர், படுத்தபடி. ஒன்பதைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருந்தது.

ஒருநாள் பின்னேரம் அந்தச் சிலையின் அளவைக் காட்டுகிறேன் என்று முற்றத்து மணலில் தடியால் கீறத் தொடங்கினார். கிணற்றடியில் தலை. முருங்கை மரத்துக்குக் கிட்டக் கால். நாற்பத்தாறு அடியை அடிமட்டம் வைத்து அளந்தே கீறினார். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள் வரிசையாகப் படுத்துப் பார்த்தோம். மணல் சூடு முதுகில் இன்னும் இருக்கிறது.

"இஞ்ச பாருங்க, தலைக்குக் கீழ தலகணி," என்றார் அப்பா. "அந்தத் தலகணி நடுவில அமுங்கி இரிக்கும். கல்லு மனே! முழுக் கல்லு. தலையிட பாரத்துக்கு அமுங்கின மாதிரி ஒருத்தன் செதுக்கி வெச்சிரிக்கான். அத நீங்க பாக்கோணும்."

மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால் புத்தர் இல்லை. பெரியம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் தலையிலிருந்து கால்வரை கூட்டிவிட்டிருந்தார். "முத்தத்த உழுது வெச்சிரிக்கார் மனிசன்," என்று அடுப்படியில் அம்மாவிடம் சொன்னார். அப்பாவின் காதில் விழும்படியாகத்தான் சொன்னார். அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

விடியற்காலைக் கோச்சியில் போய்ப் பின்னேரக் கோச்சியில் திரும்புவது திட்டம். மரப்பலகை ஆசனம், கண்ணுக்குள் கரித்தூள், பெரியம்மாவின் மடியில் இடியப்பப் பெட்டி. வாழைச்சேனை தாண்டினால் காடுதான். மன்னம்பிட்டியில் கோச்சிக்கும் வாகனத்துக்கும் ஒரே பாலம். நாங்கள் போய் முடியும்வரை அந்தப் பக்கம் லொறிகள் காத்து நின்றன. நமக்காக நிற்கிறார்கள் என்று தம்பி நினைத்துக் கை காட்டினான்.

முதல் மூன்று இடத்தையும் அப்பா நன்றாகத்தான் காட்டினார். நாலாவது இடத்தில் வந்தது வினை.

கருங்கல்லால் கட்டிய சின்னக் கோயில். உள்ளே இருட்டுக்குள் ஒரு லிங்கம். வெளவால் மணம். வாசலில் மூக்குடைந்த நந்தி. பெரியம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டார். "ஆத்தே! மாமா, இஞ்ச வந்து பாருங்க. சாமிக்கு ஒரு துணித்துண்டு இல்ல, விளக்கு இல்ல, ஒரு பூ இல்ல. பட்டினி கிடக்குது!"

வண்ணக்கர் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்து அப்பாவிடம் கேட்டார். "எத்தின காலமா இப்பிடி?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் தன்னிடம் கேள்வி கேட்ட சந்தோசத்தில் அப்பா சொன்னார். "கட்டி ஒரு தொள்ளாயிரம் வருசம் இரிக்கும் மாமா."

"தொள்ளாயிரம் வருசப் பட்டினி!" என்றார் வண்ணக்கர். அதற்குப் பிறகு அவரை யாரும் அசைக்க முடியவில்லை. "கண்டிட்டம். கண்டும் காணாத மாதிரிப் போக ஒண்ணா. போனா அது நம்மளோட கூடி வரும். பொங்கிப் படைக்கோணும்."

பொங்க எங்களிடம் பானையும் இல்லை, அரிசியும் இல்லை. உச்சி வெயிலில் கடைத்தெருவுக்குப் போய்ப் பானை, அரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய் எல்லாம் கொண்டுவந்தவர் அப்பா. அதற்குள் காவற்காரர் ஓடி வந்து, இங்கே நெருப்பு மூட்டக் கூடாது என்று சிங்களத்தில் கத்தினார். அதையும் அப்பாதான் பேசிச் சமாளித்தார். கடைசியில் கல் எல்லைக்கு வெளியே ஒரு பாலை மரத்தின் கீழ் பொங்கலாம், படைக்க மட்டும் உள்ளே கொண்டுபோகலாம் என்று முடிவானது. பானை கொதித்து, பொங்கி, படைத்து, தேவாரம் பாடி, தின்று முடிக்கக் கோச்சிக்கு நேரமாகிவிட்டது. காவற்காரர் இரண்டு இலை தின்றார். அப்பா தன் படத்தைச் சுருட்டிக் குடைக்குள் வைத்தார்.

"சரி, அடுத்த வருசம் மற்றதப் பாப்பம்," என்றார்.

எங்கள் ஊர்ச் சாமிகளின் குணம் அப்பாவுக்குத் தெரியாததா? ஒருதரம் படையல் வாங்கிய தெய்வம் அடுத்த வருடமும் பார்த்துக்கொண்டிருக்கும். நிறுத்தினால் கோபிக்கும். கோபித்தால் அம்மை வரும், மாடு சாகும், வாவியில் மீன் படாது. வண்ணக்கர் இதைக் கோச்சி ஏறும்போதே அறிவித்துவிட்டார். "இனி வருசா வருசம் குடுக்கோணும்."

இரண்டாம் வருடம் அரிசியும் பானையும் விளக்கும் வீட்டிலிருந்தே புறப்பட்டன. சாமிக்கு உடுத்தப் பெரியம்மா காத்தான்குடிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கிச் சரிகைத் துண்டு எடுத்து வந்தார். போன வருடம் ஐந்தாறு பேராகப் போனவர்கள் இந்த வருடம் பதினாறு பேர், அப்பாவைத் தவிர எல்லாரும் எங்கள் குடி. முதல் மூன்று இடமும் போயிற்று. நேரே நாலுக்குத்தான் நடை. அப்பா கந்தோர் சிநேகிதரிடம் ஒரு பெட்டிக் கமரா இரவல் வாங்கி வந்திருந்தார், ஒன்பதாவது இடத்தைப் பிடிக்க. சுருளில் பன்னிரண்டு படம். பதினொன்றில் வண்ணக்கரும் பானையும். மற்றதில் வாழைப்பழச் சீப்போடு ஒரு குரங்கு. அந்தப் படங்கள் எல்லாம் பின்னாளில் ஒரு வெள்ளத்தோடு போய்விட்டன. குரங்குப் படம் மட்டும் இருந்திருந்தால் வைத்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் வருடம் காவற்காரரே விறகு வெட்டிக் காயப்போட்டு வைத்திருந்தார். அந்த வருடம்தான் வண்ணக்கர் ஊர்க் கோயிலில் செய்வதுபோல் குடிப் பெயர் கூப்பிட்டுப் பொங்கல் பங்கிடத் தொடங்கினார். நந்திக்குப் பக்கத்தில் நின்று எங்கள் குடியின் பெயரை நீட்டி முழக்கிச் சொல்ல, நாங்கள் எல்லாரும் போய் வாழையிலையில் வாங்கினோம். பிறகு, "மற்றக் குடி!" என்றார். அப்பா தனியே எழும்பிப் போய் வாங்கினார். நாங்கள் சிரித்தோம். அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு அப்போது அது வெறும் வேடிக்கை. அவர் ஏன் ஒருநாளும் சண்டை பிடிப்பதில்லை, ஏன் இந்தக் கூட்டத்துக்கு வருடா வருடம் வாறண்டு எழுதிக் கொடுக்கிறார் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. பயந்த மனிதன் என்று நினைத்தேன். பிள்ளைகள் அப்படித்தான், வீட்டில் யாருடைய குரல் பெரிதோ அவர்கள் பக்கம் நின்றுகொள்ளும்.

நாலாம் வருடம் எனக்குப் பத்து வயது. அந்த வருடம் அப்பா புதிதாக ஒரு படம் வரைந்தார். அதில் ஒன்பது இடம் இல்லை. சிவன் கோயிலிலிருந்து படுத்திருக்கிற சிலைவரை ஒரே ஒரு பாதை. போகிற நேரம், நிற்கிற நேரம், வருகிற நேரம் எல்லாம் ஓரத்தில் குறித்திருந்தார். பானையில் பால் ஊற்றும்போது கிளம்பினால் பொங்கல் பங்கிடுவதற்குள் திரும்பிவிடலாம். திட்டத்தை எனக்கும் தம்பிக்கும் மட்டும் கோச்சியில் இரகசியமாகச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு குறும்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பெரியம்மா அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மூன்று பேரும் நழுவினோம். தம்பி அப்பாவின் தோளில். நான் குடையோடு பின்னால். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் காய்ந்த புல்லு, இடைக்கிடை தனியே நிற்கிற கல்தூண்கள். பெரிய தாதுகோபுரம் ஒன்றைத் தாண்டியதும் ஓலைக் கொட்டில் போட்ட தேத்தண்ணிக் கடை ஒன்று வந்தது. கடைக்காரக் கிழவர் அப்பாவைப் பார்த்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்து இன்னொருதரம் பார்த்தார். பிறகு எழும்பி ஓடி வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அப்பா உட்கார உள்ளேயிருந்து கதிரை வந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்தே போட்டார். எங்கள் வீட்டில் அப்பாவுக்காக யாரும் கதிரை துடைத்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் சிங்களத்தில் என்னவோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒங்க அப்பா," என்று கிழவர் தனக்குத் தெரிந்த தமிழில் எனக்கு விளக்கினார், "மூணு வருசம் இங்க. கூடாரம் போட்டு. குளம் அளக்க வந்தது. சின்னப் பொடியன் அப்ப. லீவு நாள் எல்லாம் அந்தச் சிலைகிட்டதான் தூங்கும்."

கலியாணத்துக்கு முந்திய கதை. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியுமோ என்னவோ. தெரிந்தாலும் கேட்க யாருக்கு நேரம் இருந்தது?

கிழவர் எங்களை விட மனமில்லாமல் விட்டார். தேத்தண்ணியோடு நேரம் போய்விட்டது. அப்பா வேகமாக நடந்தார். எனக்குப் புதுச் செருப்பு. குதிக்காலில் தோல் உரிந்து எரியத் தொடங்கியது. வெயில் தலையைப் பிளந்தது. காலையில் தின்ற இடியப்பம் எப்போதோ போய்விட்டது. மனதில் பொங்கலின் மணம் மட்டும். பயறும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இந்நேரம் வண்ணக்கர் குடிப் பெயர் கூப்பிட்டிருப்பார். என் பங்கை யார் தின்கிறார்களோ.

"அப்பா, கிறுகிப் போவம்."

"இன்னும் கொஞ்சந்தான் மனே. அந்த வளைவுக்கு அங்கால."

"எனக்கு ஒண்ணா. கால் எரியிது."

"நீ என்ட முதுகில ஏறு. தம்பி நடப்பான்."

தம்பி நடக்கமாட்டேன் என்று அழுதான். நான் பாதையில் குந்திவிட்டேன். அப்பா எனக்கு முன்னால் முழங்காலில் இருந்து செருப்பைக் கழற்றி, முகம் துடைக்கிற தன் லேஞ்சியைக் கிழித்துக் குதிக்காலில் கட்டினார். கட்டியபடியே தலகணியைப் பற்றித் திரும்பவும் சொன்னார். ஆயிரம் தரம் கேட்டாயிற்று. எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க பாத்த தானே!" என்று கத்தினேன். "மூணு வருசம் பாத்த தானே! மறுகா எங்கள என்னத்துக்கு இழுக்கிறீங்க?"

"உங்களுக்குக் காட்டத்தானே புள்ள..."

"எங்களுக்கு வேணாம். நாங்க அம்மாட குடி. நீங்க வேற குடி. எங்களக் கூட்டிப் போறதெண்டா வண்ணக்கரிட்டக் கேட்டுத்தான் கூட்டிப் போகோணும்."

ஒரு சொல்லும் என்னுடையதல்ல. எல்லாம் பெரியம்மா அடுப்படியில் வருடக்கணக்காகச் சொன்னது. ஆனால் பெரியம்மா அதை அப்பாவின் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவள் நான்.

வேறு அப்பாவாக இருந்தால் ஒரு அறை விட்டிருப்பார். விட்டிருக்கலாம் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அவர் முடிச்சைச் சரியாகப் போட்டு முடித்தார். எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டினார். வளைவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"ஓம்," என்றார். "சரிதான். வாங்க, பொங்கல் ஆறிடும்."

திரும்பி வந்தோம். நாங்கள் போனதை யாரும் கவனிக்கவில்லை. பங்கு இன்னும் கொடுக்கத் தொடங்கவே இல்லை. பால் பொங்கும்போது எந்தப் பக்கம் வழிந்தது என்பதில் பெரியம்மாவுக்கும் வண்ணக்கருக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. நான் மூன்று தரம் வாங்கித் தின்றேன். "மற்றக் குடி!" என்று கூப்பிட்டபோது அப்பா எழும்பவில்லை. பசியில்லை என்றார்.

ஐந்தாம் வருடம் அப்பா படம் வரையவில்லை. வாறண்டை மட்டும் எழுதி அம்மாவின் கையில் கொடுத்தார். "எனக்கு லீவு இல்ல. நீங்க போய்ட்டு வாங்க." அவர் இல்லாமல் போனோம். அங்கே பழைய காவற்காரர் மாறிப்போய், புதிதாக ஒரு இளைஞன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் சிங்களம் ஓடாது. பானையைக் கண்டதும் அவன் விசிலை ஊதினான். வண்ணக்கர் தொள்ளாயிரம் வருடப் பட்டினியைத் தமிழில் உரத்து விளக்கினார். அவன் இன்னும் உரத்து ஊதினான். எங்களில் யாருக்கும் சிலைக்குப் போகும் வழி தெரியாது, போக வேண்டும் என்று தோன்றவுமில்லை. கழுவாத அரிசியோடும் கரிபிடிக்காத பானையோடும் கோச்சி ஏறினோம். வழிநெடுகப் பெரியம்மா அப்பாவைத்தான் திட்டினார். பொறுப்பில்லாத மனிசன், சாமி காரியத்துக்கு ஒருநாள் லீவு போட ஒண்ணாதா என்று. அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை. மாடு ஒன்றும் சாகவில்லை. வாவியில் மீனும் பட்டது.

அப்பா எண்பது வயதுவரை அந்த வளவிலேயே இருந்தார். வண்ணக்கரும் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீடு என் பெயருக்கு வந்தது. கடைசிக் காலத்தில் ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அப்பா, பொலன்னறுவைக்கு ஒருக்காப் போவமா? கார் பிடிச்சு நான் கூட்டிப் போறன்."

அவர் கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஊதினார். "எனக்கென்னத்துக்கு மனே, எனக்கு அது பாத்த இடம். நீ பாக்கோணும் எண்டுதான் நினைச்ச."

அவ்வளவுதான். கோபமே இல்லாமல் சொன்னார். அந்த மனிதருக்கு ஒருதரமாவது கோபம் வந்து தொலைத்திருக்கலாம்.

இப்போது பேரப்பிள்ளைகள் வான் பிடித்து வந்து, வாங்க அம்மம்மா, வாசல்வரை வாகனம் போகும், நடக்கவே தேவையில்லை என்கிறார்கள். கால் நோகிறது என்று சாட்டுச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். திரும்பி வந்து போனில் காட்ட வந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறேன். அதை எனக்குக் காட்ட ஒரு ஆள் நாலு வருடம் மெனக்கெட்டார். அவர் இல்லாமல் போய் அதன் முன்னால் நிற்க எனக்கு முகமில்லை. முட்டாள்தனம் என்று மகள் ஏசுகிறாள். இருக்கட்டும். குடி எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. இந்தப் பிடிவாதம் அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.